பத்தாவது நாளும் கிளம்பும் வண்டி

ஜெசிந்தாவின் தம்பி அந்தோணி தொலைபேசியில் அழைத்தபோது நான் மல்லேஸ்வரம் மார்க்கெட்டில் கீரை பார்த்துக்கொண்டிருந்தேன். "வசந்திக்கா, அக்கா போயிடுச்சு. காலையில ஆஸ்பத்திரியிலயே. நாளைக்கு மூணு மணிக்கு எடுக்கிறோம்" என்றான். எந்தக் கீரை என்று கடைக்காரம்மா கன்னடத்தில் இரண்டு தடவை கேட்டாள். கீரை வாங்காமல் வந்துவிட்டேன்.

மறுநாள் பிரேசர் டவுனில் அவள் தெருவுக்குள் என் ஆட்டோ நுழைய முடியவில்லை. ஜெசிந்தா ஒருகாலத்தில் உறுப்பினராக இருந்த, சாலையில்லாத இடங்களில் வண்டி ஓட்டும் ஆஃப்ரோடு க்ளப்பின் வண்டிகள் இருபுறமும் நின்றன. ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்குத் தூக்கப்பட்டது. முன்னால் இரும்புக் கயிறு சுற்றிய உருளை, மேலே விளக்கு வரிசை, பக்கவாட்டில் மண்வெட்டி. அந்த மண்வெட்டிகளில் ஒன்றுகூட மண்ணைப் பார்த்ததில்லை, பெயின்ட் அப்படியே இருந்தது. சவ வண்டி உள்ளே வர வழியில்லாததால் பெட்டியைத் தெருமுனை வரைக்கும் தோளில் தூக்கிப் போனார்கள். க்ளப்காரர்கள் கறுப்புக் கண்ணாடி அணிந்து ஓரமாக நின்றார்கள்.

தேவாலய வளாகத்தில் க்ளப்பின் தலைவர் மகேஷ் மைக்கைப் பிடித்தார். கோயம்புத்தூரிலிருந்து வந்து இங்கே சாஃப்ட்வேர் கம்பெனி நடத்துபவர். "ஜெசிந்தா மேடம் எங்க க்ளப்புக்குத் தாய் மாதிரிங்க. ஒவ்வொரு பயணத்துலயும் அவங்கதான் வழிகாட்டினாங்க" என்றார்.

ஜெசிந்தா அவர்களோடு போனது ஒரே ஒரு பயணம். அது முடிந்ததும் அவளை க்ளப்பிலிருந்து நீக்கினார்கள். அவளை அறிந்தவர்களில் பலருக்கு இது தெரியாது என்பதால் எழுதுகிறேன்.

தொண்ணூற்றொன்றில் நாங்கள் இருவரும் நிலத்தடி நீரை ஆராயும் அரசு அலுவலகத்தில் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தோம். ராய்ச்சூர், பெல்லாரிப் பக்கம் மாதத்தில் பாதி நாள் ஜீப்பில்தான் வாழ்க்கை. டிரைவர் லீவு போட்டால் அவள் ஓட்டுவாள். அவர் லீவு போடாத நாளிலும் பெரும்பாலும் அவளே ஓட்டினாள். முதல் பயணத்தில் நான் கொண்டுவந்த தலையணையை எடுத்து அலுவலகக் காவலாளியிடம் கொடுத்துவிட்டாள். "ஸ்வெட்டரை மடிச்சு வெச்சுக்கோ. வண்டி என்ன உன் மாமியார் வீடா?" அவளுடன் பழகுவது சுலபம் என்று இங்கே யாரும் பொய் சொல்ல வேண்டாம். ஜீப்பில் பாட்டுப் பாடினால் நிறுத்தி இறக்கிவிடுவாள். செய்தும் இருக்கிறாள், சிந்தனூர் சாலையில், என்னை.

சில வருடம் கழித்து அலுவலகத்துக்குப் புது வண்டி வாங்க ஒரு கமிட்டி போட்டார்கள். மேலதிகாரி ஒருவர் படத்தைக் காட்டி, "நாலு சக்கரமும் இழுக்கும், மேடம். எங்கே வேணா போகலாம்" என்றார்.

"சேறுன்னு தெரிஞ்சு மெதுவா எறங்கறவனுக்கு நாலும் இழுக்கும் சார். தெரியாம மிதிக்கிறவனுக்கு நாலும் சேர்ந்து தோண்டும்" என்றாள் ஜெசிந்தா. பிறகு, அதன் பட்டறை எந்த ஊரில் இருக்கிறது, டீசல் கலப்படமாக இருந்தால் என்ன ஆகும், இரண்டு பேருக்கு ஒரு வாரத் தண்ணீரை எங்கே வைப்பது என்று கேட்டாள். அதிகாரி சீட்டின் துணியைப் பற்றிப் பேசினார். அந்த வண்டியைத்தான் வாங்கினார்கள். அது ராய்ச்சூரைப் பார்க்கவே இல்லை. அதிகாரியின் மனைவியைக் காந்தி பஜாருக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தே கிழடானது.

ஜெசிந்தா விருப்ப ஓய்வு பெற்றதும் தனக்கென்று ஒரு வண்டி தேடினாள். கிடைத்தது பழைய டீசல் ஜீப், நீள உடம்பு, நிறம் என்று சொல்ல எதுவுமில்லை. பின்சீட்டைக் கழற்றிப் பலகை போட்டாள், படுக்க. கனமான சாமான் எல்லாம் பலகைக்கு அடியில், தரையோடு தரையாக. கூரைமேல் எதுவும் கிடையாது. டயர், சரக்கு வேன்களுக்குப் போடும் அளவு. எந்தச் சின்ன ஊர் டயர் கடையிலும் கிடைக்கும். தூர ஓட்டத்துக்கு இன்னொரு டீசல் டாங்க். குடிதண்ணீர் கேன் கைக்கெட்டும் இடத்தில். அவ்வளவுதான். "எவ்வளவு பெரிய பாறை மேல ஏறும்னு ஒவ்வொருத்தனும் கேக்கிறான். பத்தாவது நாள் காலையில ஸ்டார்ட் ஆகுமான்னு ஒருத்தனும் கேக்க மாட்டேங்கிறான்" என்பாள்.

மகேஷின் க்ளப்பில் அவள் ஏன் சேர்ந்தாள் என்று எனக்கு இன்றும் புரியவில்லை. கட்ச் உப்புப் பாலைக்கு அனுமதி வாங்குவது கூட்டமாகப் போனால் எளிது என்றாள். நானும் அவளோடு போனேன். மகேஷின் வண்டிதான் கூட்டத்துக்கு முன்னால். வெளிநாட்டிலிருந்து தருவித்த ராட்சச டயர்கள். கூரைமேல் கூடாரம், இரண்டு ஸ்டெப்னி, டீசல் கேன்கள், ஒரு பெட்டி. உள்ளே பீர் வைக்கக் குட்டி ஃபிரிட்ஜ். ஃபிரிட்ஜுக்கு இடம் போதாமல் அவர் மனைவி சுதாவின் பை கூரைப் பெட்டிக்குப் போனது. சுதாவுக்கு ஆஸ்துமா. அவள் இன்ஹேலர் அந்தப் பையில் இருந்தது.

ஹூப்ளி தாண்டுமுன்பே ஜெசிந்தா அவரிடம் சொல்லிப் பார்த்தாள். "மகேஷ், பாதி மூட்டையை இறக்கிடு. வண்டி தலைக்கனத்துல ஆடுது. அந்த டயருக்கு உன் ஆக்சில் தாங்காது."

"மேடம், இது வேற லெவல் வண்டிங்க. உங்க ஜீப்போட கம்பேர் பண்ணாதீங்க."

கட்சில் தடத்தை விட்டு விலகக் கூடாது என்று வழிகாட்ட வந்த உள்ளூர்க்காரர் சொல்லியிருந்தார். வெள்ளையாக இறுகிக் கிடப்பது உப்பு. அடியில் களி. மதியம் ஒரு புகைப்படத்துக்காக மகேஷ் தடத்தை விட்டு வெள்ளைமேல் வேகமாக ஏறினார். நூறடி போகவில்லை. உப்பு உடைந்து இடது பக்கம் இறங்கியது. அவர் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி தன் குழியைத் தானே தோண்டிக்கொண்டது. பின்னால் ஏதோ முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

சுதா இறங்கி நடந்து வந்தாள். பயமோ உப்புத் தூசியோ, எங்கள் ஜீப்பை அடையும்போதே மூச்சு இழுத்தது. பேச்சு வரவில்லை. கையால் கூரையைக் காட்டினாள். ஓர் இளைஞன் ஏணியில் கால் வைத்ததும் வண்டி இன்னும் சாய்ந்தது. குதித்துவிட்டான். அந்தப் பாரம் தலைமேல் இருக்கும்வரை யாரும் ஏற முடியாது, ஏறாமல் பாரத்தை இறக்கவும் முடியாது.

"வசந்தி, பலகையில அவளை உக்கார வெச்சுப் பிடிச்சுக்கோ. படுக்க வைக்காதே" என்று ஜெசிந்தா சாவியைத் திருப்பினாள்.

மகேஷ் ஓடிவந்து ஜன்னலைப் பிடித்தார். இதை நான் காதால் கேட்டேன். "மேடம், ஒரு பத்து நிமிஷம். கயிறு போட்டு ஒரு இழுப்பு இழுத்துக் கொடுத்துட்டுப் போங்க. விட்டா இன்னும் உள்ள போயிரும்."

ஜெசிந்தா அவரைப் பார்த்தாள். "உன் வண்டி எங்கேயும் போகாது மகேஷ். அதுதான் அதோட வியாதி. கைய எடு."

தடத்தில் திரும்பி, பிறகு சாலையேறி அவள் ஓட்டிய விதத்தை நான் மறக்கவில்லை. வேகமாக ஓட்டவில்லை. ஒரே சீராக, ஒரு குழியிலும் சுதாவின் உடம்பு தூக்கிப்போடாதபடி ஓட்டினாள். சுதாவின் உதடு நீலம் பாரித்திருந்தது. என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள். "முன்னால இருக்கிற கரண்ட் கம்பத்தைப் பாரு சுதா. அது வர்றவரைக்கும் ஒரு மூச்சு. அப்புறம் அடுத்த கம்பம்" என்று ஜெசிந்தா திரும்பிப் பார்க்காமலே சொல்லிக்கொண்டு வந்தாள். இருட்டுவதற்குள் ஒரு சிறிய ஊரின் அரசு மருத்துவமனை வந்தது. ஆக்ஸிஜன் வைத்தார்கள். சுதா பிழைத்தாள்.

கணவர் மறுநாள் மதியம் வந்தார். வண்டியை டிராக்டர் கட்டி இழுத்து வந்திருந்தார்கள். மனைவியின் கட்டிலருகே நின்று, அந்த ஆக்சில் இந்தியாவில் கிடைக்குமா என்று ஃபோனில் யாரையோ விசாரித்தார்.

பெங்களூர் திரும்பியதும் ஜெசிந்தாவை க்ளப்பிலிருந்து நீக்கினார்கள். சிக்கலில் இருந்த குழுவை விட்டுவிட்டுப் போனாளாம். டீம் ஸ்பிரிட் இல்லையாம். "சரியாத்தான் சொல்றான். அந்த டீமுக்கு ஸ்பிரிட் ஃபிரிட்ஜுலதான் இருந்துது" என்று சொல்லிவிட்டு மறந்துபோனாள். சுதா மறக்கவில்லை. அடுத்த மாதமே ஜெசிந்தாவின் வீட்டுக்கு வந்து, "அக்கா, எனக்கு இந்த வண்டியை ஓட்டக் கத்துக்கொடுங்க" என்றாள். அதன்பின் ஒவ்வொரு குளிர்காலமும் நாங்கள் மூன்று பேர் போனோம். ஹம்பி, பஸ்தர், ஒருமுறை மட்டும் கோடையில் ஸ்பிதி வரைக்கும். சுதா வீட்டுக்குக் கொண்டுபோன பயணப் படங்களில்தான் மகேஷுக்கு ஜெசிந்தா 'வழிகாட்டி'யாகத் தெரிந்திருக்கிறாள் போலும்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது மகேஷ் அந்தோணியைத் தனியே அழைத்தார். சுதா அன்று கணவரின் வண்டியில் வரவில்லை, ஆட்டோவில் வந்திருந்தாள். அவளும் நானும் பக்கத்தில்தான் நின்றோம்.

"அந்த ஜீப்பை க்ளப் வாங்கிக்கும் பிரதர். நல்லா பெயின்ட் அடிச்சு எங்க ஆபீஸ் வாசல்ல மேடை கட்டி நிறுத்தறோம். மேடம் ஞாபகமா இருக்கும்."

அந்தோணி சுதாவைப் பார்த்தான். சுதாதான் பேசினாள். குரல் உயரவில்லை.

"வேண்டாங்க. உங்களுக்கு நிக்கிற வண்டிதான் ஏற்கெனவே இருக்குதே."

மகேஷ் சிரிக்கப் பார்த்தார். யாரும் உடன் சிரிக்கவில்லை. அந்தோணி உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்து சுதாவின் கையில் வைத்தான். பிப்ரவரியில் ஒரிசாப் பக்கம் போகலாம் என்று அவள் சொல்லியிருக்கிறாள். நான் வருவேன் என்றேன்.

ஜெசிந்தாவின் அன்பைப் பற்றிப் பேச அன்று மைக்குக்கு முன் வரிசை நின்றது. அன்பு இல்லாமல் இல்லை. அதை அவர்கள் பங்கு போட்டுக்கொள்ளட்டும். அவளுடைய இளக்காரத்தை நான் எடுத்துக்கொள்கிறேன், அதைக் கேட்டு வேறு யாரும் வரப்போவதில்லை. போன ஞாயிறு என் மருமகன் புதுக் கார் வாங்கி வந்து, கூரை திறப்பதையும் ஆறு ஸ்பீக்கரையும் காட்டினார். "ஸ்டெப்னி எங்கே இருக்கு மாப்பிள்ளை?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. என் மகள் என்னை முறைத்தாள். ஜெசிந்தா இருந்திருந்தால் அதோடு விட்டிருக்க மாட்டாள். நானும் விடவில்லை, இருவரையும் டிக்கியைத் திறக்கவைத்தேன்.