புளியமரத்தின் மேல் போட்ட பழி

ஒரு புளியமரத்தின் மேல் கொலைப்பழியைப் போட்டு, அதற்கே மாலையும் சாத்திக் கும்பிட்ட ஊர் எங்கள் ஊர். கேட்பவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அந்தப் பழியை மரத்தின் மேல் ஏற்றிவைத்ததில் என் கையும் உண்டு. அப்போது நான் பத்து வயதுச் சிறுமி.

எழுபதுகளின் கடைசி அது. ஜேடர்பாளையம் பக்கத்திலிருந்து நாமக்கல்லுக்குக் காலையில் இரண்டு தனியார் பஸ்கள் போகும். ஒன்று பச்சை, இன்னொன்று சிவப்பு. இரண்டுக்கும் ஐந்து நிமிடம்தான் இடைவெளி. எது முன்னால் போகிறதோ அதற்குத்தான் வழியில் நிற்கும் ஆட்கள் கிடைப்பார்கள் என்பதால் தினமும் பந்தயம் நடக்கும். பச்சை வண்டியை ஓட்டியவர் என் அம்மாவின் ஒரே தம்பி, எனக்கு மாமா.

நான் டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போவது அந்த வண்டியில்தான். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் இஞ்சின் பெட்டிமேல் துண்டு விரித்து என்னை உட்காரவைப்பார். வேறு யாருக்கும் அந்த இடம் கிடையாது. அங்கே உட்கார்ந்துகொண்டு, "புடிங்க மாமா, உடாதீங்க!" என்று நான் கத்துவேன். சிவப்பு வண்டியைத் தாண்டிவிட்டால் பஸ் முழுக்கக் கைதட்டும். கணக்கு வாத்தியார் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து இன்றைக்கு எத்தனை நிமிடம் மிச்சம் என்று அறிவிப்பார். வெள்ளை வேட்டிப் பெரியவர்கள், கூடைக்காரப் பெண்கள், கைக்குழந்தைக்காரிகள் எல்லோருக்கும் அதில் சந்தோஷம். ஸ்டீயரிங் மட்டும்தான் மாமாவின் கையில் இருந்தது, வண்டியை நாங்கள் எல்லோரும் சேர்ந்துதான் விரட்டினோம். பிறகு ஒருவருக்கும் அது ஞாபகம் இல்லாமல் போனது.

என் சித்தப்பா, அதாவது அப்பாவின் தம்பி, இதற்கெல்லாம் நேரெதிர். கொடிக்காலில் பறித்த வெற்றிலையைக் கட்டாகக் கட்டி, ஈரச்சாக்கு சுற்றி, சைக்கிளில் வைத்துச் சந்தைக்குக் கொண்டுபோவார். தார் ரோட்டில் ஏறவே மாட்டார். ரோட்டுக்கு வெளியே மண் தடத்திலேயே ஓட்டுவார். வீட்டில் எல்லோருக்கும் அது கேலி. "தாரு போட்டதே எருமைக்குத்தான்னு நெனச்சுட்டானாட்ட இருக்குது" என்று பெரியப்பா சொல்வார். சித்தப்பா கோபித்துக்கொள்ளவே மாட்டார். ரோடு பெரிய வண்டிக்காரனுக்கு, ஓரம் நமக்கு என்பார்.

அன்று காலை சிவப்பு வண்டி முந்திப் போய்விட்டது. புளியமரத்து வளைவுக்கு முன்னால் அதை நெருங்கிவிட்டோம். வலப்பக்கம் எதிரே மாட்டுவண்டிகள் வந்துகொண்டிருந்தன. மாமா வண்டியை இடப்பக்கம் மண் தடத்தில் இறக்கினார். மரத்துக்குச் சற்று முன்னால் ஒரு சைக்கிளின் முதுகும் ஈரச்சாக்குக் கட்டும் எனக்குத் தெரிந்தன. சித்தப்பா என்று அடையாளம் தெரிந்துவிட்டது. நாங்கள் ஜெயிப்பதை அவரும் பார்க்கட்டும் என்று இன்னும் உரக்கக் கத்தினேன்.

அடுத்த நொடியில் நடந்ததை இத்தனை வருடத்தில் நான் யாரிடமும் விவரித்ததில்லை, இங்கேயும் விவரிக்கப்போவதில்லை. பஸ்ஸிலிருந்து என்னை இறக்கியபோது ரோடு முழுக்க வெற்றிலை கிடந்தது. யாரோ என் கண்ணைப் பொத்தினார்கள்.

சித்தப்பாவை எடுப்பதற்கு முன்பே பழியை இடம் மாற்றும் வேலை தொடங்கிவிட்டது. பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் ஒரே குரலில், "சைக்கிள்காரரு திடீர்னு குறுக்க வந்துட்டாருங்க" என்றார்கள். நிமிடக்கணக்குச் சொன்ன வாத்தியார்தான் முதல் ஆளாகச் சொன்னார். ஏட்டு அப்படியே எழுதிக்கொண்டார். பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பிரேக்கைப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று போனார். பிரேக் நன்றாகத்தான் இருந்தது. அதை மிதித்தார்களா என்று கேட்கத்தான் ஆளில்லை.

வெளியாட்கள் சொன்னதையாவது விட்டுவிடலாம். எங்கள் வீட்டார் சொன்னதுதான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை. மண்தடத்தை விட்டு ஏறாத மனிதர் என்று ஆயுசு முழுக்கக் கேலி செய்தவர்கள், அவர் ரோட்டின் குறுக்கே வந்து விழுந்தார் என்பதை ஒப்புக்கொண்டார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் முன்னால் பெரியப்பா சொன்னார்: "போன உசுரு திரும்பி வருமா? இவனையும் செயிலுக்கு அனுப்பிப்போட்டா, நம்ம ஊட்டுக்கு வந்த பொம்பள எந்த மூஞ்சிய வெச்சுட்டு இங்க இருப்பா?"

நம்ம வீட்டுக்கு வந்த பெண் என்றது என் அம்மாவை. சித்தியும் அந்த வீட்டுக்கு வந்த பெண்தான். இடுப்பில் இரண்டு வயதுப் பையனோடு அங்கேயே சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய மூஞ்சியைப் பற்றி யாரும் பேசவில்லை.

செத்தவர் மேலேயே முழுப் பழியையும் போடுவதற்கு அவர்களுக்கும் கொஞ்சம் கூச்சம் இருந்திருக்க வேண்டும். அந்தக் கூச்சத்தைப் பூசாரி வந்து தீர்த்துவைத்தார். "புளியமரத்து முனிக்கு மூணு வருசமா கெடா குடுக்காம ஏமாத்துனீங்கல்லோ? அது தானே எடுத்துக்கிச்சு" என்றார். எல்லோருக்கும் மூச்சு வந்தது. மாமா மேல் தப்பில்லை, கைதட்டியவர்கள் மேல் தப்பில்லை, எழுதிய ஏட்டு மேலும் தப்பில்லை. கோர்ட்டுக்கு வரவழைக்க முடியாத ஒரு குற்றவாளி கிடைத்துவிட்டான்.

எங்கள் பக்கத்து வழக்கப்படி, முனி எந்த வீட்டில் ஆளை எடுத்ததோ அந்த வீடுதான் கிடாய் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அடுத்த ஆளையும் எடுக்கும் என்பார்கள். அடுத்த ஆள் என்றால் சித்தியின் இடுப்பிலிருந்த பையன். ஆகவே சித்தி ஆட்டுப்பட்டியைத் திறந்துவிட்டாள். சித்தப்பா தழை போட்டு வளர்த்த கிடாய் அது. கொன்றவன் இருக்க, கொல்லப்பட்டவன் வீட்டில் விருந்து வாங்கிய நியாயத்தை வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை.

முப்பதாம் நாள் காரியம் கழிந்து மரத்தடியில் பொங்கல் வைத்தார்கள். மாமாவுக்கு மாலை போட்டுத் திருநீறு பூசினார்கள். முனி கண்ணைக் கட்டிவிட்டதால்தான் அவருக்குச் சைக்கிள் தெரியவில்லையாம். தாலியறுத்தவள் சாமி காரியத்தில் முன்னால் நிற்கக் கூடாது என்று சித்தியை அடுப்புக்குப் பின்னால் தள்ளி உட்காரவைத்திருந்தார்கள். கிளம்புவதற்கு முன்பே அம்மா என் தலையைச் சீவிக்கொண்டே சொல்லியிருந்தாள்: "ஆராச்சும் கேட்டா தூங்கிட்டன்னு சொல்லீரு கண்ணு. உன்ற மாமன் பாவம்."

நான் தலையாட்டியது மாமாவுக்காக அல்ல. அன்று நான் கத்தியதால்தான் சித்தப்பா செத்தார் என்று எனக்குள் ஒரு பயம் ஊறிப்போயிருந்தது. பந்தயம் என்ற பேச்சு வந்தால் என் சத்தமும் வெளியே வந்துவிடும். ஏட்டு என்னைத்தான் பிடித்துக்கொண்டு போவார் என்று இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பந்தி நடந்துகொண்டிருந்தபோது சித்தி என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். அவள் இலையில் வைத்தது வைத்தபடி இருந்தது. ஈரல் துண்டு எனக்குப் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதை எடுத்து என் கையில் வைத்தாள்.

"நீ அந்த பஸ்ஸுலதான இருந்த, சாமி? உங்க சித்தப்பா ரோட்டுல வந்தாரா, ஓரத்துல வந்தாரா?"

குரலில் கோபமே இல்லை. அதுவே எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

"நான் தூங்கிட்டனுங்க சித்தி."



"பஸ்ஸுல நீ தூங்கமாட்டியே, சாமி" என்றாள். பிறகு, "சரி, தின்னு" என்று சொல்லி என் தலையைத் தடவிவிட்டாள். நான் தின்றேன். தப்பித்துவிட்டேன் என்ற நிம்மதியில் ருசித்தே தின்றேன்.

அடுத்த வாரமே மாமா பச்சை வண்டியை எடுத்தார். இஞ்சின் பெட்டிமேல் எனக்குத் துண்டு விரித்தார். வளைவு வந்ததும் மரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு மிதித்தார். வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்தார். நான் மட்டும் கத்தவில்லை, அதனால் எதுவும் குறைந்துவிடவும் இல்லை.

சித்தியின் மகன் வளர்ந்தான். "உங்கப்பன் ரோட்டுக்குக் குறுக்க உழுந்து செத்தவன்தான்டா" என்று பிள்ளைகள் சொல்லும்போதெல்லாம் அழுதுகொண்டு வீட்டுக்கு ஓடிவருவான். சித்தி அவனைத் தூக்கிக்கொள்வாள், பதில் சொல்லமாட்டாள். பார்த்தவள் ஒருத்தி இருக்கிறாள் என்று சொல்ல அவளுக்கு வழியில்லை. சித்தி என்மேல் பழிபோடத்தான் அன்று கூப்பிட்டாள் என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். அவள் யாரையும் ஜெயிலுக்கு அனுப்பக் கேட்கவில்லை. பையனிடம் சொல்வதற்கு 'ஓரத்துல' என்கிற ஒரே ஒரு சொல்லைத்தான் கேட்டாள். வாயில் ஈரலை வைத்துக்கொண்டிருந்த எனக்கு அது தெரியவில்லை.