எம்.எல்.ஏ. வாய் திறந்த விநாடி

மூன்று தேர்தலிலும் ஒரே ஆளுக்கு ஓட்டுப் போட்டவன் நான். அவர் சட்டசபையில் என்ன செய்கிறார் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. வெட்கக்கேடுதான். ஏரி நிலத்தில் கட்டடம் கட்ட வழிவிடும் மசோதா வந்தபோதுதான் விழித்துக்கொண்டேன். வேங்கிக்காலில் எங்கள் கிணறு, பின்னால் இருக்கும் ஏரியை நம்பித்தான் இருக்கிறது.

குரல் வாக்கெடுப்பு என்பதால் யார் எந்தப் பக்கம் என்று பதிவே இல்லை. ஆனால் வீடியோ இருந்தது! எதிர்ப்பவர்கள் ‘இல்லை’ சொல்லலாம் என்று சபாநாயகர் சொன்ன அதே விநாடி, ஆளுங்கட்சி வரிசையில் நம்மவர் வாயை அகலத் திறந்தார். எனக்குப் புல்லரித்தது. கட்சியையே மீறிவிட்டாரே! தெரு வாட்ஸப் குழுவில் நீளமாகப் பாராட்டி எழுதிவிட்டு, மனைவியிடம் போனை நீட்டினேன். அவள் ஒரே தடவைதான் பார்த்தாள்.

“அது கொட்டாவிங்க. கையால வாயை மூடுறாரு பாருங்க.”