அப்பா விரித்த சாய மண்

சங்கரன்கோவிலில் செயற்கைப் புல் போட்ட விளையாட்டு மைதானம் என்றால் அது என்னுடையதுதான். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். நாலு தறியில் ஆரம்பித்து, ஒருத்தன் கையையும் எதிர்பார்க்காமல் இந்த இடத்துக்கு வந்திருக்கிறேன். டர்ஃப் போட வந்தவனிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பிள்ளைகள் விழுந்தால் அடிபடக் கூடாது. "மெத்தை மாதிரி இருக்கும் அண்ணாச்சி" என்றான். அப்படித்தான் இருந்தது.

போன வாரம் பேரன் அங்கே விளையாடிவிட்டு வந்து காலுறையை உதறினான். புல்லுக்கு அடியில் மெத்தைக்காகத் தூவியிருந்த ரப்பர் மணிகள் கறுப்பு கறுப்பாகச் சிதறின. தவழ்ந்து வந்த பேத்தி ஒன்றை எடுத்து வாயில் போட்டுவிட்டாள். மருமகள் பாய்ந்து விரலை விட்டு எடுத்தாள்.

"மாமா, இது பழைய டயரை அரைச்சதாம்லா? பிள்ளைங்க உடம்புக்கு ஆகுமான்னு கேட்டீங்களா?"

"ஊர்ப் பிள்ளையெல்லாம் விளையாடுது. எவனுக்கு என்ன ஆச்சு?" என்று சத்தம் போட்டேன். போட்டேனே தவிர, என் கண் பேத்தியின் உதட்டை விட்டு நகரவில்லை. சின்ன வயதில் பார்த்த என் தம்பியின் உதடு ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

அப்பா சாயப்பட்டறையில் நூலுக்குச் சாயம் ஏற்றுகிறவர். எங்கள் வீட்டு முன்னால் ஒரே சரளைக் கல். என் முழங்காலில் காயம் ஆறியதே கிடையாது. அவருக்கு மனசு கேட்கவில்லை. பட்டறை வாய்க்காலில் படிந்து காய்ந்த மண்ணைச் சாக்குச் சாக்காகச் சைக்கிளில் கொண்டுவந்து விரித்தார். மாவு மாதிரி மண். ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் சிவப்பு. தெருவில் எவனுக்கும் இப்படி ஒரு களம் இல்லை. என் உத்தரவில்லாமல் ஒருத்தன் அதில் கால் வைக்க முடியாது.

தம்பி நடை பழகியதே அந்த மண்ணில்தான். அள்ளி அள்ளித் தின்பான். யாரும் பதறவில்லை. கோவில் புற்றுமண்ணைத் தண்ணீரில் கரைத்து மருந்தாகக் குடிக்கிற ஊர் இது. பிள்ளை மண் தின்றதற்கு இங்கே யார் பயப்படப் போகிறார்கள்?

ஒரு மத்தியானம் அவன் அந்த மண்ணிலேயே சுருண்டு படுத்துவிட்டான். உதடு நீலமாக இருந்தது. அம்மா முந்தானையால் துடைத்தாள். எச்சில் தொட்டுத் துடைத்தாள்.

"ஏங்க, துடைக்கத் துடைக்கப் போக மாட்டேங்குதே!"

"சாயம்தானம்மா, சோப்புப் போட்டாப் போயிரும்" என்று நான் சோப்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன்.

அப்பா தம்பியின் விரல்களைத் தூக்கிப் பார்த்தார். நகமும் நீலம். சாயத்திலேயே கிடந்த மனுஷர். எது சாயம், எது உடம்புக்குள்ளிருந்து வருகிற நீலம் என்று அவருக்குத் தெரியும். சைக்கிளைக்கூட எடுக்காமல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அம்மா செருப்பில்லாமல் பின்னால் ஓடினாள்.

ஊசி போட்டு, மூக்கில் ஆக்சிஜன் வைத்து, சாயங்காலம்தான் தம்பி கண் திறந்தான். "பிள்ளை என்னத்தைத் தின்னான்?" என்று டாக்டர் கேட்டதற்கு, அப்பா சாயம் ஏறிய தன் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினாராம்.

மறுநாள் காலையில் அப்பா மண்வெட்டியோடு களத்தில் இறங்கினார். நான் குறுக்கே விழுந்து அழுதேன். "தள்ளுலே!" என்றார். ஒரு பிடி மண் விடவில்லை. சரளைக் கல் வெளியே தெரிந்த பிறகும் வெட்டிக்கொண்டே இருந்தார்.

இப்போது என் மைதானத்தைப் பூட்டிவிட்டேன். விவரம் தெரிந்தவர்கள் வந்து பார்த்துச் சொல்லட்டும். பேரன் என்னோடு பேசுவதில்லை. அன்றைக்கு நானும் அப்பாவோடு பேசவில்லை. நான் ஏதோ சேட்டை செய்துவிட்டேன், என் மேல் உள்ள கோபத்தில்தான் அந்த மண்ணை அப்படி வெட்டுகிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோபம் அவர் மேலேயே என்று இந்தப் பூட்டைப் போட்டபோதுதான் தெரிந்தது.