சத்தம் போடாத ஃபேன் கேட்டார்கள்

கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில் ஒன்று நிச்சயம்: பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாதவர்கூட, அது எப்படிச் சத்தம் போடக் கூடாது என்று நமக்குப் பாடம் எடுப்பார்.

தொண்ணூறுகளின் கடைசியில், மலேசியாவில் பினாங்கு தீவின் ஜார்ஜ் டவுனில் ஒரு பேரங்காடியின் இரண்டாம் மாடிக் கடையில் வேலை பார்த்தேன். அதற்கு முன் ஐந்து வருஷம் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில், சின்னச் சின்ன மோட்டார்களைக் காதருகே பிடித்து நல்லது கெட்டது பிரிக்கிற வேலை. அதனால் ஃபேன் விஷயத்தில் என் காது பொய் சொல்லாது. ப்ராசஸர் என்று ஒரு சில்லு இருக்கிறதே, கம்ப்யூட்டரின் மூளை, அது கொதிக்கும். அதன் தலைமேல் ஓர் அலுமினியக் கட்டி, கட்டியின் தலைமேல் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாய் ஒரு ஃபேன். அந்தச் சனியனால் நான் வாங்கிய ஏச்சு கொஞ்சநஞ்சமில்லை. ஸ்க்ரூ டிரைவர் பிடித்துக் கை காய்த்துப்போன சக தொழிலாளிகளே, உங்களுக்கும் வயிறு எரிந்திருக்கும். கேளுங்கள்.

டெக்னிஷியன் எங்கே?

ஒருநாள் ஒரு வாத்தியார் வந்தார். சட்டைப் பையில் மூன்று பேனா. சத்தமே இல்லாத ஃபேன் வேண்டும், டெக்னிஷியனைக் கூப்பிடு என்றார். நான்தான் டெக்னிஷியன் என்றேன். என் தலைக்குமேல் எட்டிப் பார்த்து, உள்ளே வேறு யாராவது இருக்கிறார்களா என்று தேடினார். சரி, இந்தத் தொழிலில் பொம்பளைக்குப் பழகிப்போன அவமானம்தானே என்று விளக்கினேன். ஃபேனில் இரண்டு ஜாதி. ஒன்று வெறும் புஷ்ஷில், அதாவது ஒரு சின்ன உலோக வளையத்துக்குள், சுற்றும். விலை மலிவு, முதல் மாசம் பூனைமாதிரி இருக்கும், அப்புறம் உறும ஆரம்பிக்கும். இன்னொன்று கடுகுமாதிரி உருண்டைகள்மேல் சுற்றும்; முதல் நாளே லேசாக ‘உஸ்’ என்னும், ஆனால் வருஷக்கணக்கில் அதே ‘உஸ்’தான். உங்களுக்கு இரண்டாவதுதான் நல்லது என்றேன்.

மனிதர் நான் பேசி முடிக்கும்வரை சுவரைப் பார்த்துவிட்டு, “தவுக்கே” என்று முதலாளியைக் கூப்பிட்டார். தவுக்கே என்னிடம் மலாயில் “என்ன சொன்னே?” என்று கேட்டார். சொன்னேன். அவர் அதை அப்படியே இங்கிலீஷில் வாத்தியாருக்குச் சொன்னார். ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. வாத்தியார் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. ஃபேனை வாங்கிக்கொண்டு போகும்போது தவுக்கேயிடம் சொன்னார்:

“இதத்தான் நான் மொதல்ல இருந்து கேக்குறேன். அந்தப் பிள்ளைக்கு வெளக்கத் தெரியல லா.”

பரமேஸ்வரி அக்காவின் கெடு

சுங்கை பினாங் அடுக்குமாடியிலிருந்து வந்த பரமேஸ்வரி அக்கா அப்படியில்லை. “தங்கச்சி, நீ சொல்றது எதுவோ அதையே மாட்டு” என்று முதல் நாளே என் கையில் பெட்டியைக் கொடுத்தார். வக்கீல் ஆபீஸ்களுக்கு வீட்டிலிருந்தே டைப் அடித்துக் கொடுக்கிறவர். அவர் வீட்டுக்காரர் முனியாண்டி அண்ணனுக்கு மாக் மண்டின் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட், பகலில் தூங்குவார். படுக்கையும் ஹாலில், கம்ப்யூட்டரும் ஹாலில். ஃபேன் சத்தத்தில் தூக்கம் போகிறது என்று அண்ணன் கெடு வைத்துவிட்டார்: தீபாவளிக்குள் சத்தம் நிற்க வேண்டும், இல்லையென்றால் பெட்டியை ஜுருவில் இருக்கிற கூட்டாளிக்கு விற்றுவிடுவார். பெட்டி போனால் அக்காவின் வேலையும் போச்சு. “பழையபடி வீடு வீடாப் போயி பாத்திரம் கழுவணும்” என்றார். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலாம் போலிருந்தது.

உருண்டை வைத்த ஃபேன் ஸ்டாக்கில் இல்லை. வாத்தியார் கொண்டுபோனதுதான் கடைசி. தவுக்கேயின் இழுப்பறை நிறைய மலிவு ஜாதிதான். வாங்கி வையுங்கள் என்று கரடியாய்க் கத்தினேன். கேட்கவில்லை. தெரிந்தே மலிவானதை மாட்டி அனுப்பினேன். அந்த வெட்கம் இன்னும் எனக்கு இருக்கிறது. மூன்றே வாரம், அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்ப வந்தார், உள்ளே உறுமல். பார்த்தீர்களா என்று தவுக்கேயிடம் சண்டைக்குப் போனேன். அவர் மலாயில் சொன்னதை மாற்றாமல் தமிழில் தருகிறேன்:

“லெட்சுமி, ஃபேன் கெட்டுப்போகலன்னா நம்ம கடைப் படிய யாரு மறுபடி ஏறுவா?”

சந்தனப் பொட்டு

அதே ஜாதியில் இன்னொரு ஃபேனை மாட்டி, சூடு வெளியே போகட்டும், பக்கத்து மூடியைக் கழற்றியே வையுங்கள் என்று புத்தி சொல்லி அனுப்பினேன். அந்தப் புத்திதான் வினையாய் முடிந்தது. ஆயுத பூஜைக்கு மறுநாள் அக்கா வந்தார். இந்தத் தடவை உறுமல் இல்லை, பெட்டியே மேசைமேல் நடக்கிறதாம். ஆன் பண்ணிப் பார்த்தேன், உண்மைதான். ஃபேனை நிறுத்திவிட்டு டார்ச் அடித்தால், ஒரே ஓர் இறக்கையில் மட்டும் பருப்பளவு சந்தனம், அதன்மேல் குங்குமம். நன்றாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றுகிற சாமானில் ஒரு பக்கம் மட்டும் பாரம் ஏற்றினால் அது குதிக்காமல் என்ன செய்யும்?

எனக்கு வந்ததே கோபம். சந்தனத்தைச் சுரண்டிக்கொண்டே, வெளியே ஸ்க்ரீன் இருக்கிறது, கீபோர்ட் இருக்கிறது, பொட்டு வைக்க வேறு இடமா கிடைக்கவில்லை என்று கேட்டேவிட்டேன். அக்காவுக்குக் கோபமே வரவில்லை. சொன்னார்:

“மேல வெச்சா டப்பாவுக்கு வெச்சமாதிரி. உள்ள சுத்திச் சுத்தி உழைக்கிறது இதுதானே, தங்கச்சி?”

எண்ணெய் வைத்தியம்

ஜுரு கூட்டாளியைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, காடிப் பட்டறை, அதாவது கார் ரிப்பேர் கடை, வைத்திருப்பவர். ஒருநாள் அவரே பெட்டியைச் சுமந்துகொண்டு வந்தார், பின்னால் அக்கா. முனியாண்டி அண்ணன் கூப்பிட்டு, இவர் வீட்டுக்குப் போய், ஃபேன் உறுமுகிறதே என்று காடி எண்ணெயை ஊற்றியிருக்கிறார். சொட்டு இல்லை ஐயா, ஊற்றியிருக்கிறார். எண்ணெயும் தூசியும் சேர்ந்து களியாகி, ஃபேன் நின்று, சூடேறி, அக்கா பாதி அடித்துக்கொண்டிருந்த சத்தியப் பிரமாணப் பத்திரத்தோடு மெஷின் அணைந்துபோனது. ஒருநாள் உழைப்பு வீண். இவரோ நான் துடைப்பதைப் பார்த்துக்கொண்டு, பெட்டியின் நீள அகலத்தைக் கையால் சாண் போட்டுப் பார்க்கிறார். வாங்கப்போகிற ஆள் அல்லவா. நான் பல்லைக் கடித்துக்கொண்டு, இதற்கெல்லாம் எண்ணெய் ஊற்றக் கூடாது என்றேன். அதற்கு அவர்:

“நான் காடி எஞ்சினுக்கே இதத்தான் ஊத்துறேன். இந்தச் சுண்டைக்காய் ஃபேனுக்கு என்னா கேடு?”

ஜப்பான் சிலிப்பர்

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, இனி தவுக்கேயின் இழுப்பறையை நம்புவதில்லை என்று முடிவெடுத்தேன். சின்ன ஃபேன் கத்துவதற்குக் காரணம் அது சின்னதாக இருப்பதுதான். குட்டிக் கையால் வேகவேகமாக விசிறினால்தான் அதற்குக் காற்று வரும். பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றினாலே அதே காற்று. குப்பையில் போடவிருந்த ஒரு பழைய ஆபீஸ் மெஷினிலிருந்து அரைச் செங்கல் அளவு அலுமினியக் கட்டியைக் கழற்றினேன். பெரிய ஃபேன்கள் ஏழெட்டை ஸ்டோரில் வரிசையாக வைத்து, சத்தம் கலக்காமல் இருக்க ஏர்கோன் ஏசியை நிறுத்திவிட்டு, வேர்க்க வேர்க்க ஒவ்வொன்றாய்க் காதில் வைத்துக் கேட்டேன். ஐந்தாவது சொன்னபடி கேட்டது. அதற்குப் போகிற மின்சாரத்தைக் குறைத்தேன். அதிர்வு பெட்டிக்கு ஏறாமல் இருக்க, என் ஜப்பான் சிலிப்பரின் ரப்பரை வெட்டி நான்கு மூலையிலும் அணை கொடுத்தேன். அன்றைக்கு ஒற்றைக் காலை இழுத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன், போகட்டும்.

நாலு மணி நேரம் ஓடவிட்டுக் கட்டியைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு. தவுக்கேயை இழுத்துவந்து கேளுங்கள் என்றேன். குனிந்து காதை வைத்தார், நிமிர்ந்தார், முகம் சுளித்தார்:

“ஓடுதா இல்லையான்னே தெரியல. இதுக்கெல்லாம் யாரு காசு குடுப்பா?”

பகல் இரண்டு மணி

நானே கொண்டுபோய் மாட்டித் தருகிறேன் என்று சுங்கை பினாங்குக்குப் போனேன். அக்கா கீழே வந்து ஒரு பக்கம் பிடித்தார். கதவைத் திறந்தால், முனியாண்டி அண்ணன் ஹாலில் மெத்தை போட்டுக் குறட்டை விடுகிறார். தலைமாட்டில் ஒரு ஸ்டாண்ட் ஃபேன், கூண்டு கழன்று, மூன்றாம் நம்பரில் கடகடவென்று ஆடுகிறது. பக்கத்து வீட்டில் ரேடியோ. கீழே யாரோ மோட்டார்சைக்கிளை முறுக்கி முறுக்கிச் சோதிக்கிறார்கள். இத்தனைக்கும் நடுவே மனிதர் கும்பகர்ணனாய்க் கிடக்கிறார். எனக்கு அங்கேயே பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு மாசமாய் நான் எந்தத் தூக்கத்துக்காகச் செருப்பை வெட்டினேனோ அந்தத் தூக்கம் இதுதான்.

பெட்டியை வைத்து சுவிட்சைத் தட்டினேன். சத்தமே இல்லை. அக்கா உட்கார்ந்து இரண்டு வரி அடித்திருப்பார், அண்ணன் கண்ணைத் திறந்தார். “ஆரம்பிச்சிட்டியா?” என்றார். என்னால் அடக்க முடியவில்லை. “அண்ணே, உங்க தலைமாட்டுல ஆடுதே ஸ்டாண்ட் ஃபேன், அது போடுற சத்தத்துல பத்துல ஒரு பங்குகூட இது போடல” என்றேன். அந்த ஸ்டாண்ட் ஃபேனே அக்கா டைப் அடித்த காசில் வாங்கியது என்று படியேறும்போதுதான் கேட்டிருந்தேன். அண்ணன் எழுந்து உட்கார்ந்து, வயிற்றைச் சொறிந்துகொண்டு, நிதானமாகச் சொன்னார்:

“அந்த ஃபேன் எனக்குக் காத்து குடுக்குது. இது எனக்கு என்னா குடுக்குது?”

தீபாவளி முடிந்து

ஒரு வாரம் கழித்து அக்கா முறுக்கு டின்னோடு கடைக்கு வந்தார், பெட்டி இல்லாமல். விற்றுவிட்டார்கள் என்றே நினைத்தேன். அவரே சொன்னார். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் கூட்டாளி வேனோடு வந்துவிட்டாராம். அண்ணன் ஒயரைப் பிடுங்கினாராம். அக்கா பெட்டிமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, “ரசீது என் பேர்ல இருக்கு. தூக்குனா நேரா போலீஸ் ரிப்போர்ட்” என்றாராம். கூட்டாளி குடித்த கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். ஒயரை அக்காவே திரும்பச் சொருகி, அன்றைக்கே மூன்று பத்திரம் அடித்து முடித்திருக்கிறார். எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

ஆனால் அன்றிலிருந்து அண்ணன் தூங்குவதில்லையாம். இவர் டைப் அடிக்க உட்கார்ந்தால், அவர் படுத்தபடி ஆரம்பித்து, இவருடைய அம்மா வீடு, இவருடைய திமிர், சம்பாதிக்கிற பொம்பளையின் லட்சணம் என்று சாயங்காலம்வரை ஓயாமல் பேச்சாம். நான் பாடுபட்டு அமைதி செய்து கொடுத்தேன் பாருங்கள், அந்த அமைதியில் ஒரு சொல் விடாமல் காதில் விழுகிறதாம். அக்கா டின்னை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்:

“தங்கச்சி, ஒங்க கடையிலயே சத்தமா ஓடுறது எதுவோ அத மாட்டிக் குடு. அவரு பேசுறது எனக்குக் கேக்கக் கூடாது.”

சத்தம் போடாத ஃபேன் எது என்று இன்றைக்கும் யாராவது என்னிடம் கேட்டால், புஷ்ஷா உருண்டையா என்பதெல்லாம் அப்புறம், வீட்டில் யாருக்கு அந்தச் சத்தம் கேட்கிறது என்றுதான் முதலில் விசாரிக்கிறேன்.