வெப்சைட்டில் மட்டும் டீமேக்கர்

போனில் ஒரு கம்பெனியின் பக்கத்தைக் காட்டி, "அப்பா, காலைல பார்த்த வெல இப்ப மாறிருச்சு" என்றாள் மகள். கம்பெனிகள் அந்தக் காலத்திலும் இப்படிச் சுறுசுறுப்பாக இருந்திருந்தால் நீ பிறந்திருக்கவே மாட்டாய் என்று சொல்ல வந்து, அடக்கிக்கொண்டேன்.

பூனாகலைப் பக்கம் ஒரு தேயிலை ஆலையில் கொழுந்து வாட்டும் வேலை எனக்கு. இரண்டாயிரத்துக்குப் பிறகு வெப்சைட் போட வேண்டுமென்று கொழும்பிலிருந்து படம் பிடிக்க வந்தார்கள். ஆலையில் தேயிலைத் தயாரிப்புக்கே பொறுப்பான டீமேக்கர் ஐயா அன்று லீவு. அவருடைய வெள்ளைக் கோட்டை எனக்கு மாட்டி, தேநீர்க் கோப்பைகளுக்கு முன்னால் நிறுத்தினார்கள். கோட்டில் பூச்சி உருண்டை வாசம். வேண்டாம் என்று சொல்லக் கூச்சம். படத்துக்குக் கீழே 'டீமேக்கர்' என்று போட்டுவிட்டார்கள்.

ஒரு வருடம் கழித்து வெலிமடையில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா உருளைக்கிழங்கு வியாபாரி. பண்டாரவளை கம்ப்யூட்டர் கடையில் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு வந்து, "மாப்ள அடக்கமான ஆளு. டீமேக்கர்னு வாயத் தொறந்து சொல்லலையே" என்றார்.

ஆபீஸ் கிளாக்கர் ஐயாவிடம் போய் மாற்றச் சொன்னேன். "மாசா மாசம் மாத்துவாங்கப்பா" என்றார். அதிலிருந்த 'இந்த வாரத் தேயிலை விலை'கூட ஒரு வருடமாக அப்படியே இருந்தது.

கடைசியில் பெண்ணிடமே உண்மையைச் சொன்னேன், தரையைப் பார்த்தபடி.

"தெரியும்ங்க. அதுல தோட்டத்து மேனேஜர், பெரிய தொரைன்னு போட்டிருக்கவரு பத்து மாசமா எங்க பக்கத்துத் தோட்டத்துல கெழங்கு போடுறாரு. அத எவ நம்புவா? எனக்கு ஒங்களப் புடிச்சிருக்கு. அப்பாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க."

அதன்பிறகு மாற்றச் சொல்லி நான் போகவில்லை. தாலி கட்டும்வரை யாரும் அந்தப் பக்கத்தைத் தொடக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். சாமி கேட்டதோ இல்லையோ, கம்பெனி கேட்டது.

மூத்தவன் பிறந்த பிறகுதான் பக்கத்தை மாற்றி, என் படத்தை நீக்கினார்கள். அடுத்த நாளே மாமா ஒரு மூட்டைக் கிழங்கோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். "வேல போயிருச்சாமே மாப்ள. மனச விட்றாதீங்க."

"இல்ல மாமா. நான் எப்பவும் கொழுந்து வாட்டுற ஆளுதான்."

"எனக்கு ஆறுதல் சொல்றீங்களாக்கும்" என்று என் தோளைத் தட்டினார்.

அந்தக் கம்ப்யூட்டர் கடையில் இப்போது செருப்பு விற்கிறார்கள். ஆலையைப் பூட்டிவிட்டார்கள். மாமாவும் போய்விட்டார். நான் டீமேக்கராக இருந்தேன் என்று நம்ப இனி ஒருவருமில்லை.