ஒரு லீவு லெட்டரும் ஐந்து இணைப்புச் சொற்களும்

ஆங்கில இணைப்புச் சொற்களை நடத்த ஆண்டுதோறும் எனக்கு இரண்டு வகுப்புகள் ஒதுக்குகிறார்கள். கோவையில் ஒரு கல்லூரி. கரும்பலகையில் கட்டம் போடுவேன். ஹவ்எவர், நெவர்தெலஸ் ஒரு வரிசை. தேர்ஃபோர், ஹென்ஸ், கான்சிக்வென்ட்லி ஒரு வரிசை. மோர்ஓவர், ஃபர்தர்மோர் இன்னொன்று. பிள்ளைகள் தலையைத் தூக்காமல் எழுதிக்கொள்வார்கள். எவளாவது ஒருத்தி மட்டும் கேட்பாள், "எல்லாம் ஒண்ணுதானே மேடம், எதுக்கு இத்தனை?" வந்த சொல்லே திரும்ப வந்தால் படிக்கிறவருக்குச் சலிக்கும் என்று சொல்லி அவளை உட்கார வைப்பேன். எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் நம்பினேன். அந்த நம்பிக்கையில் ஒருத்தியை வீடில்லாமல் வீதிக்கு அனுப்பினேன்.

தேயிலை விலை விழுந்துகொண்டே இருந்த வருடங்கள் அவை. குன்னூருக்கு மேலே எங்கள் எஸ்டேட். சிலோனிலிருந்து திரும்பி வந்தவர்கள்தான் அங்கே அதிகம், எங்கள் அம்மா உட்பட. சுற்றிலும் சின்னத் தோட்டக்காரர்கள் கொழுந்து பறிக்கிற கூலிக்கே கட்டவில்லை என்று செடிகளை அப்படியே விட்டுவிட்டார்கள். இடுப்பளவு நின்ற செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்து மரமாகிக்கொண்டிருந்தது. எங்கள் எஸ்டேட்டில் வேலையை வாரம் மூன்று நாளாகக் குறைத்தார்கள். மற்ற நாட்களில் அம்மா விறகு பொறுக்கப் போவாள். நான் ஊட்டியில் பி.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு, எங்கும் வேலை கிடைக்காமல், தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற லயத்தில் பெரிய படிப்பாளி என்ற பெயரோடு சும்மா உட்கார்ந்திருந்தேன். சும்மா இருப்பவளுக்குத் திமிர் மட்டும் குறைவில்லை.

எஸ்டேட்டில் எல்லாமே செக்ரோலில்தான் இருந்தது. அந்தப் பதிவில் பேர் இருந்தால் வேலை, வேலை இருந்தால் லயத்தில் ஒரு வீடு. பேரை வெட்டிவிட்டால் இரண்டும் போயிற்று. சிலோனிலிருந்து வந்தவர்களுக்குப் போய் இறங்கச் சொந்த ஊர் என்று எதுவும் கிடையாது. அதனால் ஒருவர் நீண்ட லீவில் போவதென்றால் லெட்டர் கொடுத்துவிட்டுத்தான் போவார். அந்த லெட்டருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. கல்யாணமோ கோயிலோ எதற்குப் போனாலும், லெட்டரில் காய்ச்சல்தான். "உடம்பு சுகமில்லை, லீவு வேண்டும்" என்று ஒரே வரி, கீழே கைநாட்டு. கிளார்க்குக்கும் தெரியும், மேனேஜர் தொரைக்கும் தெரியும். யாரும் கேட்கமாட்டார்கள்.

விலை விழுந்த பிறகு, நீண்ட லீவு லெட்டர் எல்லாம் இங்கிலீஷில் எழுதப்பட்டு ஹெட் ஆபீசுக்குப் போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. அப்போதுதான் பக்கத்து வீட்டு அத்தை என்னிடம் வந்தாள். சொந்த அத்தை இல்லை, அம்மாவோடு ஒரே கப்பலில் வந்தவள். புருஷன் இல்லை. ஒரே மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்திருந்தாள். மகளுக்குத் தலைப்பிரசவம். இரண்டு மாதம் கூட இருக்க வேண்டும், இருக்கிற நாளில் பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டினால் கைச்செலவுக்கு ஆகும் என்பது அவள் கணக்கு.

"காய்ச்சன்னு எழுதிரு புள்ள. அது போதும்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "ரெண்டு மாசமா காய்ச்சல்? எவன் அத்தை நம்புவான்? நான் முறையா எழுதித் தர்றேன், பாருங்க."

"நீ படிச்ச புள்ள. ஒனக்குத் தெரியாததா" என்று எதிரில் உட்கார்ந்துகொண்டாள்.

கல்லூரி நோட்டை எடுத்தேன். இணைப்புச் சொற்களின் கட்டம் அதில் அழகாக இருந்தது. எஸ்டேட்டில் வேலை குறைந்துவிட்டது, தேர்ஃபோர் வருமானம் போதவில்லை. மோர்ஓவர், மகளுக்குப் பிரசவம். தேர்ஃபோர் வரிசையில் கான்சிக்வென்ட்லி தொடப்படாமல் கிடந்தது. அதையும் எங்காவது போட வேண்டும் என்று எனக்குக் கை பரபரத்தது. சொல் மிச்சமிருந்ததால் அதற்காக ஒரு வாக்கியம் எழுதினேன். கான்சிக்வென்ட்லி, திருப்பூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர வேண்டிய கட்டாயத்தில் இருக்கிறேன். அதன்பின் நெவர்தெலஸ், இந்த எஸ்டேட்டை விட்டுவிட மாட்டேன், இரண்டு மாதத்தில் திரும்பி வருவேன். கடைசியில் ஹென்ஸ் போட்டு லீவு கேட்டு முடித்தேன். ஐந்து சொற்கள், ஒன்றுகூட இரண்டாம் முறை வரவில்லை. உரக்கப் படித்துக் காட்டினேன். அத்தைக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனாலும் கோயிலில் மந்திரம் கேட்பது போல முழுவதையும் கேட்டாள். கையெழுத்துப் போடத் தெரியாததால் கட்டைவிரலை மையில் வைத்து அழுத்தினாள்.

இரண்டு மாதம் கழித்து அத்தை திரும்பி வந்தாள். மறுநாள் காலை, ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிக்கிற பெரட்டில் போய் நின்றாள். மழை தூறிக்கொண்டிருந்தது. எல்லாப் பேரும் முடிந்தது, அவள் பேர் வரவில்லை.

"ஏனுங்கம்மா, உங்க பேரு இல்லீங்களே. ஹெட் ஆபீசுல இருந்து பேப்பர் வந்திருக்குதுங்க" என்று கிளார்க் ஒரு கவரைக் கொடுத்திருக்கிறார். அதை முந்தானைக்குள் நனையாமல் வைத்து நேரே என்னிடம் கொண்டுவந்தாள்.

பிரித்துப் படித்தேன். கம்பெனிக்கு ஆளைக் குறைக்கக் காரணம் வேண்டியிருந்தது. நான் கொடுத்திருந்தேன். வேறு இடத்தில் வேலைக்குச் சேர்ந்ததைத் தொழிலாளியே எழுத்தில் ஒப்புக்கொண்டதால் அவர் பேர் நீக்கப்படுகிறது, வீட்டையும் காலி செய்ய வேண்டும் என்றிருந்தது. நடுவில், மேற்கோள் குறிக்குள், கான்சிக்வென்ட்லியில் தொடங்கும் என் வாக்கியம். அதற்கு முன்னால் இருந்த பிரசவத்தைக் காணோம், பின்னால் இருந்த திரும்பி வருவேனையும் காணோம்.

"என்னா எழுதியிருக்கான் புள்ள?"

"கம்பெனி நட்டத்துல ஓடுதாம் அத்தை. ஆளக் குறைக்கிறாங்களாம்" என்றேன். அவளைப் பார்க்காமல்தான் சொன்னேன். அந்தப் பேப்பரை என் நோட்டுக்குள் செருகிக்கொண்டேன்.

"அதுக்கு நீ என்னா செய்வ. நீ நல்லாத்தான் எழுதிக் குடுத்த. இந்த மாதிரி இங்கிலீஷு நம்ம ஆபீசுக்கே வந்ததில்லன்னு கிளார்க்கு அன்னைக்கே சொன்னாரு" என்று அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள். இதைவிட அவள் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

இரண்டு நாள் கழித்து யூனியன்காரர் வந்தார். "தங்கச்சி, நீ எழுதுன லெட்டருக்கு நகல் ஏதாச்சும் இருக்குதா? ஆபீசுல காட்ட மாட்டேங்கறாங்க. லெட்டர் கைல இருந்தா, லீவு கேட்டுட்டுத்தான் போனாங்கன்னு பேசிப் பாக்கலாம்" என்றார். அத்தையும் அம்மாவும் பக்கத்தில் நின்றார்கள்.

நகல் இருந்தது. அடித்துத் திருத்திய முதல் பிரதி, அதே நோட்டுக்குள். அதைக் கொடுத்திருந்தால் பிரசவ வரியைக் காட்டியிருக்கலாம், திரும்பி வருவேன் என்ற வரியைக் காட்டியிருக்கலாம். ஒருவேளை பேர் திரும்பியிருக்கும். ஆனால் அவர் அதை அங்கேயே, வேலைக்குச் சேர்வதாக நான் எழுதிய வரியையும் சேர்த்து, தமிழில் படித்துச் சொல்வார். காய்ச்சல் போதும் என்று அத்தை சொன்னது அம்மாவுக்கும் தெரியும். படித்த பெண் என்ற என் பெயர் அந்த நிமிடத்தோடு முடிந்துவிடும்.

"கிழிச்சுப் போட்டுட்டேன் அண்ணா" என்றேன்.

அவர் உச்சுக்கொட்டினார். "விடுங்க. புள்ளைக்கு என்னா தெரியும், இப்பிடி ஆகும்னு" என்று அத்தைதான் எனக்காகப் பேசினாள். அவர்கள் போன பிறகு அந்தத் தாளை அடுப்பில் போட்டேன். ஈரவிறகு, அது எரியவே நேரமாயிற்று.

ஒரு வாரத்தில் வீட்டைக் காலி செய்தாள். இரண்டு மூட்டை, ஒரு தகரப்பெட்டி. பஸ் வரை நான்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். ஏறும்போது என் தோளைப் பிடித்து, "எனக்கு ஒரு லெட்டர் போடு புள்ள. தமிழ்லயே போடு, மக படிச்சுக் காட்டுவா" என்றாள். போடுகிறேன் என்று தலையாட்டினேன்.

பலமுறை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நலமா என்று கேட்டுவிட்டால் அடுத்த வரி, உங்கள் பேர் போனது என்னால்தான் என்று இருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு வேறு எதை எழுதினாலும் பொய். மகள் அதை உரக்கப் படிப்பாள், அத்தை எதிரில் உட்கார்ந்து கேட்பாள். இன்றுவரை நான் ஒரு கார்டுகூடப் போடவில்லை.