குசினியில் விரித்த பாய்

என் கோபம் இன்னும் ஆறவில்லை. அன்று மனைவி மீது இருந்தது. இன்று என் மீது இருக்கிறது.

எங்கள் ஊர் வழக்கத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. மகள் கலியாணம் முடித்ததும், தன் தாய் தந்த பெரிய வீட்டை என் மனைவி அவளுக்கு எழுதிக் கொடுத்தாள். அதே வளவுக்குள், வாவிப் பக்கமாக, தகரக் கூரையில் ஓர் அறையும் சமைக்க ஒரு குசினியும் கட்டிக்கொண்டு நாங்கள் இருவரும் ஒதுங்கினோம். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு முருங்கை மரம்தான். மனைவியின் குறட்டை மருமகனுக்குக் கேட்குமே என்பதுதான் என் எரிச்சல். என் தூக்கம் கெட்டதுகூட எனக்கு அடுத்த கவலைதான்.

விடிந்து தேத்தண்ணி வைக்கும்போதே தொடங்குவேன். "மருமகன் என்ன நினைப்பான்? உனக்கு வெக்கமில்லையா?"

"நித்திரையில வாறதுக்கு நான் என்ன செய்ய? ஒழுப்பி விடுங்க."

"ராவு முழுக்க உன்ன ஒழுப்பத்தானா நான் பென்சன் எடுத்த?"

எழுப்பவில்லை. முழங்கையால் விலாவில் இடித்தேன். பிறகு அவள் பாயைக் குசினியில் விரிக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினேன். அவளுடைய வளவில், அவளை.

அப்போதும் கேட்டது. இடையிடையே மட்டும் சட்டென்று நின்றுவிடும். ஒரு மூச்சும் வராது. அந்த அமைதிக்காகவே காத்துக் கிடப்பேன். பின்பு நீரில் அமுங்கியவர் தலை தூக்கியதுபோல் ஓர் இழுப்பு, மறுபடியும் குறட்டை. தொடங்கிவிட்டாளே என்று பல்லைக் கடிப்பேன். மனைவிக்கு மூச்சுத் திரும்பியதற்காக அவளைத் திட்டியவன் நான். அதுவும் விஞ்ஞானம் படிப்பித்தவன்! நுரையீரல் படத்தைப் பிழையாகக் கீறிய பிள்ளைகளை வாங்கில் ஏற்றி நிறுத்தியவன்.

பகலில் அவள் மீன் வெட்டியபடியே கண் சொருகுவாள். சோம்பேறி என்றேன். ஒருநாள் பிட்டு அவிக்கையில் அடுப்படியிலேயே தூங்கி விழுந்தாள். பானைத் தண்ணீர் கையில் கொட்டியது.

ஆஸ்பத்திரியில் மருந்து கட்டிய டொக்டர், சின்னப் பெண், என்னிடம் கேட்டாள்: "இவக்கு ராவில மூச்சு நிண்டு நிண்டு வருமா ஐயா?"

"எனக்குத் தெரியாது. வேற வேறயாத்தான் படுக்கிற."

கூட வந்த மகள் திரும்பினாள். "வேறயாவா? அம்மா, நீங்க எங்க படுக்கிற?"

"குசினியில, புள்ள. அங்கதான் காத்து நல்லம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெந்த கையோடு என்னைக் காப்பாற்றுகிறாளே!

"பொய்," என்றேன். "நான்தான் அனுப்பின. மூச்சு நிக்கிறது. கன நேரம் நிக்கும். கேட்டுக்கொண்டுதான் கிடந்தன்."

டொக்டர் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கூட்டிப்போக வந்த மருமகனிடம் வீட்டுக்கு வரும் வழியில், இத்தனை நாளும் உனக்குக் குறட்டை கேட்கக் கூடாதென்றுதான் என்றேன்.

"எனக்குக் கேக்குதெண்டு ஆரு சொன்ன மாமா?" என்றான் அவன். "கேட்டாத்தான் என்ன? மாமி தந்த வீட்டிலதானே நான் படுக்கிறன்."

இப்போது, மூச்சு நிற்காமலிருக்க டொக்டர் எழுதித் தந்த, மூக்கில் மாட்டும் மெசினோடு அவள் பெரிய வீட்டு முன்னறையில் தூங்குகிறாள். பகலில் கண் சொருகுவதில்லை. இங்கே வா என்று கூப்பிட்டேன்.

"மெசின் சத்தம் உங்களுக்கு ஒத்து வராது," என்றாள். சிரிக்கவில்லை.

குசினியில் கிடந்த பாயை எடுத்து என் பாய்க்குப் பக்கத்தில் விரித்து வைத்திருக்கிறேன். நேற்று வந்தவள் அதைப் பார்த்தாள். பிட்டுப் பானையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.